தோட்ட ரயிலுக்கு எந்த வளைவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் தென்பகுதியில் குடியிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்தரையில் ஏழு வருஷமாகப் பெரிய அளவு மாதிரி ரயில் விடுகிறேன். பார்க்க வருகிறவர்கள் முதல் நாள் விலையைக் கேட்பார்கள். அடுத்த வாரம் அவர்களே போன் போட்டு, "வளைவு எந்த சைஸில் வாங்கலாம்?" என்பார்கள். ஊரிலிருந்து கேட்கிறவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆர்1, ஆர்3 என்று எல்லாரும் பேசுகிறார்கள். அது என்ன கணக்கு? எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள்?

நாம் பேசுவது 45 மி.மீ. கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் 45 மி.மீ. இடைவெளி உள்ள பாதை. 1968-இல் நியூரம்பெர்க்கின் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் இதில் ஓடும் தோட்ட ரயிலைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஜி ஸ்கேல் என்று இன்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான். 'ஆர்' என்பது ஆரம். வட்டத்தின் மையத்திலிருந்து, இரண்டு தண்டவாளங்களுக்கும் நட்டநடுவில் ஓடும் கற்பனைக் கோடு வரை அளப்பார்கள்.

எல்ஜிபி கணக்கில் ஆர்1 என்றால் 600 மி.மீ., ஆர்2 என்றால் 765, ஆர்3 என்றால் 1195, ஆர்5 என்றால் 2320. ஆர்1, ஆர்2 இரண்டிலும் 12 துண்டு சேர்த்தால் ஒரு முழு வட்டம் வரும். ஆர்3-க்கு 16, ஆர்5-க்கு 24.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பெயர்கள் பொதுவான தரம் கிடையாது. இதே வகை ரயில் செய்யும் பிகோ நிறுவனத்தின் ஆர்1-உம் 600 மி.மீ. தான், ஆனால் அவர்களுடைய ஆர்3 சுமார் 921 மி.மீ., ஆர்5 சுமார் 1240. ஆகவே பிகோவின் ஆர்5-தான் எல்ஜிபியின் ஆர்3-க்குக் கிட்டத்தட்ட சமம். "ஆர்3 வாங்கினேன், பழையதோடு சேரவில்லை" என்று புலம்பியவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஆர் என்று வரும் இடமெல்லாம் எல்ஜிபி கணக்கு.

அமெரிக்கக் கடையில் '8 அடி வளைவு' என்று போட்டிருக்கிறது. 8 அடி ஆரத்துக்கு நான் எங்கே போவேன்?

அது ஆரம் இல்லை, விட்டம். ஐரோப்பாவில் ஆரத்தைச் சொல்வார்கள், அமெரிக்காவில் பெரிய அளவு ரயிலுக்கு விட்டத்தை அடியில் சொல்வது வழக்கம். 8 அடி விட்டம் என்றால் 1219 மி.மீ. ஆரம், நம் ஆர்3-ஐ ஒட்டியது. அவர்களுடைய 4 அடி வட்டம் நம் ஆர்1. எங்கே படித்தாலும் முதலில் இது ஆரமா விட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட்டர் செட்டோடு ஒரு வட்டம் வருகிறதே. அது போதாதா?

செட்டில் வருவது பெரும்பாலும் ஆர்1. நாலு சக்கரக் குட்டி எஞ்சினும் இரண்டு சின்னப் பெட்டியும் ஓட்டுவதற்கு அது தாராளம். எல்ஜிபியின் முதல் எஞ்சினான 'ஸ்டைன்ஸ்' மாதிரி கையடக்க எஞ்சின்கள் அதில் அழகாகவே ஓடும். குழந்தைக்கு வாங்குகிறீர்கள், வீட்டுக் கூடத்தில் போட்டு எடுக்கப்போகிறீர்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

ஆனால் இந்தப் பழக்கம் குட்டி எஞ்சினோடு நிற்காது. ஒரு வருஷத்தில் நீளமான பெட்டி மேல் கண் போகும். எனவே ஆர்1 வட்டத்தை வைத்துக்கொண்டு மேலும் ஆர்1 துண்டுகளாக வாங்கிச் சேர்க்காதீர்கள். சேர்ப்பதென்றால் நேர்த் துண்டுகளை வாங்குங்கள். வளைவை மாற்றினாலும் நேர்த் துண்டு வீணாகாது.

எஞ்சின் டப்பாவிலேயே 'ஆர்1-இல் ஓடும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அப்புறம் ஏன் பெரிசு வாங்கச் சொல்கிறீர்கள்?

ஓடும் என்பதற்கு 'தடம் புரளாது' என்பது மட்டும்தான் அர்த்தம். பக்கத்தில் இருக்கும் எதையும் இடிக்காது, பார்க்க நன்றாக இருக்கும், இழுக்கச் சிரமப்படாது என்றெல்லாம் அந்த அச்சு சொல்லவில்லை. நீள எஞ்சின் ஆர்1-இல் திரும்புவதற்காக உள்ளே பல ஏற்பாடு செய்திருப்பார்கள். நடுச் சக்கரத்தில் விளிம்பு இருக்காது, சக்கர அச்சு பக்கவாட்டில் நகரும், சேசிஸ் என்கிற அடிச்சட்டம் இரண்டாகப் பிரிந்து திரும்பும். எஞ்சின் திரும்பிவிடும், ஆனால் அதன் மூக்கு பாதையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு போகும்.

எனக்கு இது எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். முதல் வருஷம் ஆர்1 வளைவின் மேல் கல் அடுக்கி ஒரு குகை கட்டினேன். எஞ்சினை விட்டுப் பார்த்துத்தான் அகலம் வைத்தேன். பிறகு சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வேயின் சிவப்புப் பெட்டிகள் மூன்று வாங்கினேன். எஞ்சின் சுகமாக உள்ளே போனது. பின்னால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். முதல் பெட்டியின் வயிறு உள்பக்கக் கல்லில் உரசிக்கொண்டே போய் நின்றது. குகை வாயில் கல்லில் அந்தச் சிவப்புக் கோடு இன்னும் இருக்கிறது. தேய்த்து எடுக்க எனக்கே மனசில்லை.

கணக்கு சுலபம். போகி என்று இங்கே நான் சொல்வது பெட்டியை இல்லை, பெட்டிக்கு அடியில் சக்கரங்களோடு திரும்பும் சட்டத்தை. பெட்டியின் இரண்டு போகி மையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை வர்க்கப்படுத்தி, ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால் பெட்டியின் நடு எவ்வளவு உள்ளே தள்ளும் என்று வரும். பெட்டி நீளத்தின் வர்க்கத்திலிருந்து அந்தப் போகி தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து, அதே 8 மடங்கால் வகுத்தால் முனை எவ்வளவு வெளியே தள்ளும் என்று வரும். 600 மி.மீ. நீளம், 400 மி.மீ. போகி தூரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்1-இல் நடு 33 மி.மீ. உள்ளே போகும், முனை 42 மி.மீ. வெளியே போகும். ஆர்3-இல் இது 17-உம் 21-உம் ஆகிவிடும். ஆர்5-இல் 9-உம் 11-உம்தான்.

என் இடத்துக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுற்றிவரும் பாதைக்கு இடத்தின் அகலம்தான் முடிவு செய்யும், நீளம் இல்லை. ஆரத்தை இரட்டிப்பாக்கி, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்காக இருக்கும் ஸ்லீப்பரின் அகலத்துக்கு 9 செ.மீ., சுவரோ செடியோ இடிக்காமல் இருக்கப் பக்கத்துக்கு 15 செ.மீ. கூட்டுங்கள். ஆர்1-க்கு 1.6 மீட்டர், ஆர்2-க்கு 1.9, ஆர்3-க்கு 2.8, ஆர்5-க்கு 5 மீட்டர் வரும். அடியில் சொன்னால் சுமாராக ஐந்தேகால், ஆறேகால், ஒன்பது, பதினாறரை.

காகிதத்தில் மட்டும் வரைந்து முடிவெடுக்காதீர்கள். தரையில் ஒரு குச்சி நட்டு, ஆர நீளத்துக்குக் கயிறு கட்டி, மறுமுனையில் கோலமாவைத் தூவிக்கொண்டே சுற்றி வாருங்கள். நான் சமையலறையிலிருந்து அரிசி மாவை எடுத்துக்கொண்டு போய் ஆர்3-உம் ஆர்5-உம் வரைந்தேன். பக்கத்து வீட்டு அம்மா வேலி மேலாக எட்டிப் பார்த்து, இது ஏதாவது சடங்கா என்று கேட்டார். மாவுக் கோட்டின் மேல் இரண்டு நாள் நடந்து பார்த்தால்தான் துணி காயப்போடும் கம்பம், தண்ணீர்க் குழாய், புல்வெட்டும் இயந்திரம் திரும்பும் இடம் எல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

அகலம் உண்மையிலேயே பற்றாது, ஆனால் ஆர்3 வேண்டும் என்றால் சுற்றுப்பாதையை விட்டுவிடுங்கள். இந்த முனையில் ஒரு ஸ்டேஷன், அந்த முனையில் ஒரு ஸ்டேஷன், போய் வருகிற ஒற்றைப் பாதை. வேலி ஓரமாக மெதுவாக வளைந்து போகிற அப்படிப்பட்ட பாதைக்கு ஆர்5-கூடப் பொருந்தும்.

நிஜ ரயிலை அப்படியே சுருக்கினால் வளைவு எவ்வளவு வரும்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. மீட்டர் கேஜ் ரயிலை 45 மி.மீ. பாதைக்குச் சுருக்கினால் 1:22.5 என்ற விகிதம் வரும். ஆர்1-ஐ 22.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 13.5 மீட்டர். நிஜ மீட்டர் கேஜ் ரயில் எதுவும் நினைத்துப் பார்க்காத வளைவு அது. டிராம் வண்டிதான் அப்படித் திரும்பும்.

சரி, நிஜத்தில் எவ்வளவு? ரேட்டியன் ரயில்வேயின் பெர்னினா பாதை ஆல்ப்ஸைக் கடக்கிறது. பல்சக்கரம் இல்லாமலேயே 7 சதவீத ஏற்றம் ஏறுகிற பாதை. அதன் மிகக் குறுகலான வளைவு 45 மீட்டர் ஆரம். 22.5-ஆல் வகுத்தால் சரியாக 2 மீட்டர். அதே பாதையில் புரூசியோ என்ற இடத்தில் ரயில் ஒரு கல் பாலத்தின் மேல் சுற்றித் தன் பாதைக்கே அடியில் புகுந்து வெளியே வரும், படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் ஆரம் 70 மீட்டர், நமக்கு 3.11 மீட்டர். ஜெர்மனியின் ஹார்ஸ் மலை ரயிலில் 60 மீட்டர் வரை இறங்குகிறார்கள், நமக்கு 2.67. ஆக, ஆர்5 வைத்திருக்கிறவர் பெர்னினாவின் மோசமான வளைவைக் கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே காட்டிவிடலாம். மற்ற நாமெல்லாம் ஏமாற்றுகிறோம்.

"ஊட்டி ரயில் மாதிரி செய்யணும்" என்று கேட்ட நண்பருக்கு: அதுவும் மீட்டர் கேஜ்தான், 1:22.5 அப்படியே பொருந்தும். ஆனால் இந்திய ரயில்வே மீட்டர் கேஜுக்கு வைத்திருக்கும் பொது வரம்பு 16 டிகிரி, அதாவது 109 மீட்டர் ஆரம். சுருக்கினால் 4.84 மீட்டர். கோயம்புத்தூரில் தோப்பு வைத்திருந்தால் செய்யலாம். டார்ஜிலிங் கதை வேறு. 2 அடி கேஜ் என்பதால் அங்கே ஓரிடத்தில் ரயில் சுமார் 18 மீட்டர் ஆரத்திலேயே திரும்பும். 22.5-ஆல் வகுத்தால் 80 செ.மீ., நம் ஆர்2-க்கு மிகப் பக்கம். ஆனால் அதே விகிதத்தில் கேஜும் 27 மி.மீ. ஆகிவிடும் என்பதால் நம் பாதையில் ஏறாது.

ஆர்1-உம் ஆர்3-உம் கலந்து போடலாமா?

போடலாம். கலந்து போட்டால் நல்லதுகூட. நேர்ப் பாதையிலிருந்து சட்டென்று ஆர்1-க்குள் நுழையும்போதுதான் பெட்டி ஒரு வெட்டு வெட்டும். நடுவில் ஒரு பெரிய ஆரத் துண்டை வைத்தால் பெட்டி தயாராகித் திரும்பும். நிஜ ரயில்வேயிலும் ஆரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிற மாதிரிதான் வளைவைத் தொடங்குவார்கள்.

டிகிரிக் கணக்கு மட்டும் சரியாக வர வேண்டும். ஆர்1 துண்டு 30 டிகிரி, ஆர்3 துண்டு 22.5, ஆர்5 துண்டு 15. அரை வட்டத்துக்கு 180. ஆர்5 ஒன்று, ஆர்1 ஐந்து, ஆர்5 ஒன்று என்றால் 15, 150, 15, கணக்கு சரி. ஆர்3-ஐ நடுவில் வைப்பதென்றால் ஆர்5 மூன்று, ஆர்3 நாலு, ஆர்5 மூன்று என்று போனால்தான் இரண்டு பக்கமும் ஒத்து வரும். முன்னால் சொன்ன அகலம் இப்போது கூடும் என்பதை மறக்காதீர்கள். மறுபடி மாவை எடுக்க வேண்டியதுதான்.

இடது வளைவு முடிந்து உடனே வலது வளைவு வருகிற இடத்தில் மட்டும் என் பெட்டிகள் கழன்றுகொள்கின்றன. பாதையில் கோளாறா?

கோளாறு இல்லை, எஸ் வளைவு. மேலே சொன்ன 600 மி.மீ. பெட்டி ஆர்1-இல் முனையை 42 மி.மீ. வெளியே தள்ளும் இல்லையா? இடது வளைவில் இருக்கும் பெட்டி ஒரு பக்கம் தள்ளும், அடுத்த பெட்டி வலது வளைவில் எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டு முனைகளும் சந்திக்கிற இடத்தில் 8 செ.மீ.க்கு மேல் விலகல். பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் எவ்வளவுதான் எட்டும்? கழலும், இல்லாவிட்டால் இலேசான பெட்டியைத் தூக்கித் தடத்துக்கு வெளியே வைக்கும்.

இரண்டு வளைவுக்கும் நடுவில் உங்கள் மிக நீளமான பெட்டியின் நீளத்துக்காவது நேர்த் துண்டு போடுங்கள். 300 மி.மீ. துண்டு ஒன்று பற்றாது, இரண்டு வேண்டும். கப்ளிங் போகியில் மாட்டியிருந்தால் கொஞ்சம் மன்னிக்கும். அமெரிக்க மாடல் போல அதைப் பெட்டி உடலிலேயே திருகியிருந்தால் முனை போகும் பக்கமெல்லாம் அதுவும் போகும். அப்படி மாற்றப்போகிறவர்கள் ஆர்3-க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

பாயிண்ட் (பாதை பிரியும் இடத்தில் போடும் துண்டு) எந்த ஆரத்தில் வாங்க?

பிரதான பாதையில் ஆர்3 பாயிண்ட், சரக்கு ஒதுக்கும் கிளையில் மட்டும் ஆர்1. இரண்டு ஆர்1 பாயிண்டை முதுகோடு முதுகாக வைத்துப் பாதை மாறினால், முந்தின கேள்வியில் பார்த்த எஸ் வளைவை நீங்களே காசு கொடுத்து வாங்கியது போல. ஆர்5 பாயிண்ட் பார்க்கக் கொள்ளை அழகு, இடத்தை விழுங்கும்.

இரட்டைப் பாதை போட வேண்டும். உள்ளே ஆர்1, வெளியே ஆர்2 என்று வைத்தால் சரிதானே?

சின்னப் பெட்டிகளுக்குச் சரி. இரண்டுக்கும் நடுவே 165 மி.மீ. இடைவெளி. மீட்டர் கேஜ் பெட்டி ஒன்றின் அகலம் இந்த அளவில் சுமார் 118 மி.மீ., ஆகவே நேர்ப் பாதையில் 47 மி.மீ. மிச்சம் இருக்கும். வளைவில் என்ன ஆகும்? உள்பாதைப் பெட்டியின் முனை 42 மி.மீ. வெளியே வரும், வெளிப்பாதைப் பெட்டியின் நடு 26 மி.மீ. உள்ளே வரும். சேர்த்து 68. இருப்பதோ 47. நேருக்கு நேர் வந்தால் இரண்டு செ.மீ. ஆழத்துக்கு மோதிக்கொள்ளும்.

இரண்டு ரயிலும் வளைவில் ஒரே நேரத்தில் சந்திக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். வீட்டுக்கு விருந்தாளி வருகிற நாளில்தான் சந்திக்கும். நீளப் பெட்டி வைத்திருந்தால் பிகோ வளைவுகளின் சுமார் 320 மி.மீ. இடைவெளி நிம்மதி. எல்ஜிபியிலேயே ஆர்2-க்கு வெளியே ஆர்3 போட்டால் 430 மி.மீ. வரும், நடுவில் ஒரு பூச்செடி வரிசையே வைக்கலாம்.

பத்துப் பெட்டி சேர்த்து ஏற்றத்தில் இழுத்தால் நடுவில் உள்ள காலிப் பெட்டி உள்பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. என்ன செய்ய?

தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இழுக்கிறவர்கள் அடுத்த வீதிக்குப் போய்விட்டால் வடம் மூலையைக் குறுக்கே வெட்டி நேராகப் பார்க்கும். உள்பக்கம் நிற்கிறவர்களை நெருக்கித் தள்ளும். ரயிலும் அப்படித்தான். முன்னால் எஞ்சின் இழுக்க, பின்னால் பாரம் பிடிக்க, நடுவில் இருக்கும் பெட்டி வரிசை வளைவை விட்டு நேராக ஓடப் பார்க்கும். எது இலேசோ அது விழும். ஏற்றத்தில் பின்பாரம் கூடும் என்பதால் இன்னும் மோசம். ஆரம் குறையக் குறைய இந்தப் பக்க இழுப்பும் கூடும்.

கனமான பெட்டிகளை எஞ்சினை ஒட்டி வையுங்கள், காலிப் பெட்டிகளைக் கடைசியில் மாட்டுங்கள், அதன் அடியில் கொஞ்சம் எடை ஒட்டுங்கள். ஏற்றத்தை 3 சதவீதத்துக்குள், அதாவது மீட்டருக்கு 3 செ.மீ.க்குள் வையுங்கள். வளைவும் ஏற்றமும் ஒரே இடத்தில் வந்தால் 2 போதும். பெர்னினாவில் 7 இல்லையா என்று கேட்காதீர்கள். அங்கே சக்திவாய்ந்த மோட்டார் பெட்டிகள் ரயிலை இழுக்கின்றன, பத்து சரக்குப் பெட்டியை ஒரு பொம்மை எஞ்சின் இழுக்கவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆசை, புரூசியோ மாதிரி சுற்றித் தன் மேலேயே ஏறுவது. கீழே ரயில் போக 25 செ.மீ.யாவது உயரம் வேண்டும். 3 சதவீதத்தில் ஆர்1 முழு வட்டம் சுற்றினாலும் 11 செ.மீ.தான் ஏறும். ஆர்3-இல் 22, கிட்டத்தட்ட தேறும். ஆர்5-இல் 44. இந்த ஆசைக்கு இடம்தான் விலை.

நிஜ ரயிலில் வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தியிருப்பார்களே. நாமும் உயர்த்தணுமா?

அவசியம் இல்லை. நம் வேகத்துக்கு அது அழகு மட்டும்தான். ஆசையாக இருந்தால் ஆர்5 வளைவில் வெளிப்பக்க ஸ்லீப்பர் முனைக்கு அடியில் 2 மி.மீ. தகடு வையுங்கள், ரயில் சாய்ந்து வருவது கண்ணுக்குத் தெரியும். ஆர்1-இல் செய்தால் தேர் வடக் கதையில் உள்பக்கம் விழப்போகும் பெட்டிக்கு நீங்களும் ஒரு கை கொடுத்த மாதிரி.

ஆனால் தெரியாமல் ஏற்படும் சாய்வு வேறு விஷயம். மழைக்கு ஒரு பக்கம் மண் இறங்கி, வளைவில் உள்தண்டவாளம் தாழ்ந்து போயிருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

பழைய டிராக் ஒரு மூட்டை மலிவாகக் கிடைத்தது. எந்த ஆரம் என்று அடியில் ஒன்றும் எழுதவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பள்ளிக்கூட 30 செ.மீ. ஸ்கேல் போதும். அதைத் தண்டவாளங்களின் மேல் படுக்க வையுங்கள். 0 கோடும் 30 கோடும் வெளித் தண்டவாளத்தின் உள்விளிம்பைத் தொட வேண்டும். இப்போது 15-ஆவது செ.மீ. கோட்டில், ஸ்கேல் ஓரத்துக்கும் அதே தண்டவாளத்தின் உள்விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளங்கள். 18 மி.மீ. இருந்தால் ஆர்1. 14 என்றால் ஆர்2. 9 என்றால் ஆர்3. 5-க்குக் கொஞ்சம் குறைவு என்றால் ஆர்5, உங்களுக்கு அதிர்ஷ்டம். 12 வந்தால் அநேகமாக பிகோவின் ஆர்3.

விருப்பப்படி வளைக்கக்கூடிய ஃப்ளெக்ஸ் டிராக் வாங்கி நானே வளைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?

உண்மைதான், இடத்துக்கு ஏற்ற ஆரம் கிடைக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் வளைவும் கிடைக்கும். தொல்லை வேறு வகையில் வரும். பித்தளைத் தண்டவாளம் 8.4 மி.மீ. உயரம், கையால் வளைத்தால் நடுவில் வளையும், இரண்டு முனையும் நேராகவே நிற்கும். அந்த மூட்டுகளில் கோணல் விழுந்து, ஒவ்வொரு மூட்டிலும் எஞ்சின் தலையாட்டும். தண்டவாளத்தை வளைக்கும் உருளைக் கருவி ஒன்று வேண்டும். இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துப் பிடித்து வளைக்கிற வகை நல்லது. இரவல் கிடைத்தால் விடாதீர்கள், வருஷத்துக்கு ஒரு நாள்தான் தேவைப்படும்.

சமநீளத் தண்டவாளங்களை வளைத்தால் உள்தண்டவாளம் மிஞ்சி நீட்டும், அறுக்க வேண்டும். எவ்வளவு? அரை வட்டத்துக்குச் சுமார் 15 செ.மீ. இதில் வேடிக்கை என்னவென்றால் ஆர்1 வளைத்தாலும் ஆர்5 வளைத்தாலும் அதே 15 தான். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள தூரமும் திரும்பும் கோணமும்தான் கணக்கு, ஆரம் அதில் வராது. நான் நம்பாமல் இரண்டு தடவை அளந்தேன்.

சென்னையில் மொட்டை மாடியில் போடலாமா? வெயிலுக்கு வளைவு நிற்குமா?

நிற்கும், ஆணியடித்துக் கட்டிப்போடாமல் இருந்தால். பித்தளை மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.019 மி.மீ. நீளும். விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் தண்டவாளத்தில் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், 10 மீட்டர் பாதை 7.6 மி.மீ. நீளும். நேர்ப் பாதையில் மூட்டு இடைவெளி அதைத் தின்றுவிடும். வளைவு வெளிப்பக்கமாக ஒதுங்கிக் கொடுக்கும், திரும்பக் குளிர்ந்ததும் உள்ளே வரும். எனவே வளைவைச் சுற்றி இரண்டு பக்கமும் விரல் அகலம் விட்டு, சும்மா வைத்தால் போதும். இரண்டு முனையையும் இறுக்கினால்தான் நடுவில் எங்காவது பிதுங்கும்.

மாடியில் திருகு போடவே போடாதீர்கள், தளத்தில் ஓட்டை விழுந்தால் ஐப்பசி மழை கீழ்வீட்டுக்குப் போகும். கைப்பிடிச் சுவரிலிருந்து 15 செ.மீ. போதாது, 20 விடுங்கள். சுவர் மூலையில் ரயில் விழுந்தால் எடுக்கக் கை போக வேண்டும். தண்ணீர் டேங்க், டிஷ் ஆன்டெனா எல்லாம் போக 2.9 மீட்டர் அகலம் பெரும்பாலான மாடிகளில் கிடைக்கும், ஆகவே நேராக ஆர்3-இலேயே தொடங்குங்கள்.

எல்லாம் ஆர்1-இல் போட்டு முடித்துவிட்டேன். இப்போது வந்து சொல்கிறீர்கள். பிடுங்கி எறியவா?

வேண்டாம். முதலில் கண்ணுக்கு நேரே தெரிகிற வளைவை மட்டும் மாற்றுங்கள். நாற்காலி போட்டு உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் எது முன்னால் வருகிறதோ அது. பின்பக்க ஆர்1-ஐப் புதரோ குகையோ வைத்து மறையுங்கள். குகையைப் பெட்டியின் நடுவும் முனையும் இரண்டும் போகிற அகலத்துக்குக் கட்டுங்கள், என்னை மாதிரி எஞ்சினை மட்டும் விட்டுப் பார்க்காதீர்கள். வளைவின் உள்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பெட்டிகளுக்கு நடுவே உள்ள இடுக்கு குறைவாகத் தெரியும் என்பதும் ஒரு சின்னத் தந்திரம். அங்கிருந்து பார்க்கும்போது பெட்டிகளின் மூலைகள் நெருங்கி இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால்தான் இடைவெளி பிளந்து தெரியும்.

என் பழைய பன்னிரண்டு துண்டும் இப்போது ஆப்பிள் மரத்தடியில் ஒரு தனி வட்டம். அதில் குட்டி எஞ்சினும், கரி ஏற்றும் இரண்டு வண்டியும் மட்டும். நீளப் பெட்டிக்கு அங்கே அனுமதி இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்தால் முதலில் அங்கேதான் போய் உட்காருகிறான். ஆர்3 பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.